நினைவின் புதல்வியர்



பழைய கிரேக்க நாட்டின் கலைத் தெய்வமகளிரைப் பற்றியும், நம் வன்னி நாட்டிலே இரணைமடுவிலிருந்து நந்திக்கடல் வரையுள்ள ஊர்களில் பாட்டையும் கூத்தையும் தன்னைச் சுற்றி வளர்த்துக்கொண்ட அம்மனைப் பற்றியும் இன்று சேர்த்துப் பேச எண்ணுகிறேன். இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லப் புகவில்லை. அதற்குச் சான்றும் கிடையாது. ஒரே வகையான தேவை இரண்டு நாடுகளில் எழுந்தபோது, மக்கள் அதனை எவ்வாறு தெய்வத்தின் முன் வைத்தார்கள் என்பதே என் பொருள்.

கிரேக்கர் போற்றிய அத்தெய்வங்களை ஆங்கிலத்தில் மியூசஸ் என்பர். நாம் மியூசு மகளிர் என்று சொல்லிக்கொள்வோம். இசையைக் குறிக்கும் 'மியூசிக்' என்ற சொல்லும், நூதனசாலையைக் குறிக்கும் 'மியூசியம்' என்ற சொல்லும் இவர்கள் பெயரடியாகப் பிறந்தவையே. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் தொலமி மன்னர் குலத்தவர் நிறுவிய புகழ்பெற்ற கல்விக்கழகத்துக்கு மியூசு மகளிரின் இல்லம் என்பதே பெயர். ஆகவே கொழும்பு நூதனசாலைக்கு வழிகேட்கும் பள்ளிப்பிள்ளை, தான் அறியாமலே ஒரு கோயிலின் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்கிறது.

இம்மகளிர் ஒன்பதின்மர். கிளையோ, யூட்டர்ப்பே, தாலியா, மெல்பொமெனே, டெர்ப்சிகோரே, எராட்டோ, பொலிம்னியா, யூரானியா, கல்லியோப்பே என்பன அவர்தம் பெயர்கள். வரலாற்றுக்கு ஒருத்தி, நடனத்துக்கு ஒருத்தி, அவல நாடகத்துக்கு ஒருத்தி, வானநூலுக்கு ஒருத்தி என்று இலாகாப் பிரித்துக் கொடுத்தது மிகப் பிற்காலத்து வேலை. பாடநூல்கள் அப்பட்டியலையே பெரிதாக அச்சிடுகின்றன. எனக்கு அதில் அத்துணை ஈடுபாடு இல்லை. இவர்கள் யாருடைய மக்கள் என்பதே அதைவிட முக்கியமான செய்தி.

தந்தை, தேவர்க்கரசனாகிய சீயசு. தாய், நெமோசினே. நெமோசினே என்ற கிரேக்கச் சொல்லுக்கு நினைவு என்பது பொருள். சீயசு ஒன்பது இரவுகள் நினைவாகிய அம்மகளோடு கூடியிருந்தான் என்றும், அதன் பயனாக ஒன்பது பெண்கள் பிறந்தனர் என்றும் ஹீசியொட் என்னும் பழம்புலவர் பாடியிருக்கிறார். ஒன்பது இரவு என்றதும் நமக்கு நவராத்திரி நினைவுக்கு வரும். எண்ணின் ஒற்றுமை அது. அதற்குமேல் அதில் எதையும் ஏற்றவேண்டியதில்லை. ஆனால் கலையின் தாய் அழகு என்றோ அறிவு என்றோ காதல் என்றோ சொல்லாமல், நினைவு என்று ஒரு மக்கட்கூட்டம் சொல்லிற்றே, அது சிந்திக்கத்தக்கது.

இக்காலத்திலே கவிஞர்க்கு உள்ளக்கிளர்ச்சி வருவதைப் பற்றிப் பேசும்போது, முன்பு இல்லாத ஒன்று மின்னலைப்போல அவர் மனத்தில் தோன்றுவதாகவே நாம் எண்ணுகிறோம். பழைய கிரேக்கப் பாணன் தெய்வமகளிரைக் கூவி அழைத்தபோது அவன் கேட்டது அதுவன்று. ஹோமரின் இலியத்துக் காவியத்தில் இரண்டாம் காண்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துரோய் நகரின்மேல் படையெடுத்து வந்த கிரேக்கக் கப்பல்களையும் தலைவர்களையும் ஊர் ஊராக எண்ணிச் சொல்லவேண்டிய கட்டம் வருகிறது. 29 படைப்பிரிவுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள். அவ்விடத்தில்தான் பாணன் ஆட்டத்தை நிறுத்தி மியூசு மகளிரை வேண்டுகிறான். நீங்கள் தெய்வங்கள், அன்று அங்கே இருந்தீர்கள், எல்லாவற்றையும் கண்டீர்கள். நாங்களோ செவிவழிச் செய்தி மட்டுமே அறிந்தவர்கள் என்ற கருத்தில் அவ்வேண்டுதல் அமைகிறது. நிலவை வருணிக்க அவன் தெய்வத்தைத் துணைக்கு அழைக்கவில்லை. பெயர்கள் தவறிவிடக்கூடாதே, ஓர் ஊரும் விடுபட்டுவிடக்கூடாதே என்று அஞ்சித்தான் அழைக்கிறான். அவையிலே அந்த ஊரவன் ஒருவன் இருப்பான். தன் பாட்டன் பெயர் வரும் என்று காத்திருப்பான். அவனை ஏமாற்றுவது பாணனுக்குப் பெரும்பழி.

அதே காண்டத்தில் தாமிரிசு என்ற பாணனின் கதை சில வரிகளில் வந்துபோகிறது. மியூசு மகளிரே எதிர்வந்து பாடினாலும் நான் வெல்வேன் என்று அவன் செருக்கோடு சொன்னான். அவர்கள் சினந்து அவனை ஊனமாக்கினார்கள். பாட்டை அவனிடமிருந்து பறித்தார்கள். யாழ் வாசிக்கும் கையின் பழக்கத்தையும் மறக்கச் செய்தார்கள். உயிரைப் பறிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மறதிதான் தண்டனை. ஒரு பாணனுக்கு அதனினும் கொடியது இல்லையென்று அக்காலத்தவர் அறிந்திருந்தனர். மற்றொரு காவியமாகிய ஒடிசியில் தெமொதொக்கோசு என்னும் பாணன் வருகிறான். தெய்வமகள் அவன்மேல் அன்பு வைத்து நன்மை ஒன்றும் தீமை ஒன்றும் கொடுத்தாளாம். கண்ணை எடுத்துக்கொண்டு இனிய பாட்டைக் கொடுத்தாள். கண்ணில்லாதவனுக்கு ஏடு எதற்கு? அவன் கற்றதும் காத்ததும் காதினாலும் நெஞ்சினாலுமே.

எழுத்தின் துணையில்லாமல் ஆயிரக்கணக்கான அடிகளை ஒருவர் பாடமுடியுமா என்ற ஐயம் மேனாட்டு அறிஞர்க்கு நெடுங்காலம் இருந்தது. மில்மன் பரி என்ற அமெரிக்க அறிஞர் 1933 முதல் 1935 வரை அன்றைய யூகோசிலாவியாவின் மலைக்கிராமங்களுக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு சென்றார். அங்கே அவ்தோ என்ற முதிய உழவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், 12,000 அடிகளுக்கு மேற்பட்ட ஒரு கதைப்பாட்டை 1935இல் பல நாட்களாகப் பாடிக் கொடுத்தார். பரியின் மாணவர் அல்பேட் லோட் இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்து 1960இல் நூலாக்கினார். பாடகன் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்வதில்லை. அவனிடம் தொடர்கள் உண்டு, அடைமொழிகள் உண்டு, காட்சிகளின் வரிசை உண்டு. அவற்றைக்கொண்டு அவன் அவையின் முன்னே ஒவ்வொரு முறையும் பாட்டைக் கட்டுகிறான் என்பது அவர்கள் கண்ட முடிவு.

இக்கருத்து நம் நாட்டுக்கு வந்துசேர்ந்த வழி நமக்குப் பெருமை தருவது. யாழ்ப்பாணத்துக் கல்வியுலகம் நன்கறிந்த பேராசிரியர் க. கைலாசபதி இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆராய்ச்சி செய்தார். சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு அவர் எழுதிய ஆங்கில நூல் 1968இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தின் வாயிலாக வெளிவந்தது. நம் பாணரும் விறலியரும் கிரேக்கப் பாணரும் ஒரே தொழிலின் இரு கிளையினர்போல அந்நூலில் அருகருகே நிற்பதைக் காணலாம். பேராசிரியர் கா. சிவத்தம்பியும் அதே ஆசிரியரிடம் பயின்று பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்தார். ஆதலின், கிரேக்கத் தெய்வத்தை வன்னிக் கூத்துக் களரியில் நிறுத்திப் பார்ப்பது இன்று யாரும் வியக்கத்தக்க செயலன்று.

ஒன்பதின்மருக்கு முன்னே மூவர் இருந்தனர் என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாடு முழுவதும் சுற்றி வழிகாட்டி நூல் எழுதிய பௌசானியசு, எலிக்கன் மலையில் முதன்முதல் வணங்கப்பட்டவர் மூன்று மியூசு மகளிரே என்ற மரபைக் குறித்துவைத்தார். மெலெட்டே, நேமே, அயோய்டே. தமிழில் பெயர்த்தால் பயிற்சி, நினைவு, பாட்டு. ஒன்பது பெயர்களையும் மறந்தாலும் இம்மூன்றை மறக்கலாகாது. பயிற்சி முன்னே வருகிறது. பாட்டு கடைசியில்தான் வருகிறது.

எலிக்கன் மலையைப் பற்றிச் சொன்னேன். அம்மலையின் ஊற்றுக்களே இத்தெய்வமகளிரின் உறைவிடம். சிறகுள்ள குதிரையின் குளம்பு பட்டுப் பொங்கியதாகச் சொல்லப்படும் இப்போக்கிரேனே என்னும் ஊற்று அங்கே உண்டு. தெல்பி நகரத்தில் கஸ்தாலியா என்னும் ஊற்று. உரோமர் இக்கதைகளைத் தம் மொழிக்குக் கொண்டுசென்றபோது செய்த காரியம் சுவையானது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் இலிவியசு அந்திரோனிக்கசு ஒடிசியை இலத்தீனில் பெயர்த்தார். முதலடியில் மியூசு மகளின் பெயர் வரும் இடத்தில், அதை நீக்கி, உரோமரின் சொந்த நீர்த்தெய்வமாகிய கமேனாவின் பெயரை வைத்தார். உரோமாபுரியின் வாயில் ஒன்றுக்கு வெளியே தோப்பும் ஊற்றுமாக அத்தெய்வத்தின் இடம் இருந்தது. பாட்டு எங்கிருந்து வந்தாலும், அதைத் தரும் தெய்வம் தன்னூர்த் தண்ணீரில் இருக்கவேண்டும் என்று அம்மொழிபெயர்ப்பாளர் நினைத்தார் போலும். நம் கலைமகளின் சரசுவதி என்ற பெயரும் நீர்நிலையைக் குறிக்கும் சொல்லின் அடியாகப் பிறந்ததே. வேதகாலத்தில் அது ஓர் ஆற்றின் பெயர்.

தன்னூர்த் தண்ணீர் என்றதும் இரணைமடுவுக்கு வருவோம். இரணை என்பது இரட்டை. மடு என்பது ஆழமான நீர்நிலை. கனகராயன் ஆறு வந்து நிறையும் இப்பெருங்குளம் இன்றுள்ள வடிவில் பழைய மன்னர் கட்டியதன்று. என்றி பாக்கர் என்ற ஆங்கிலேய நீர்ப்பாசனப் பொறியியலாளர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதற்குத் திட்டம் வகுத்தார். 1902இல் தொடங்கிய கட்டுமானம் 1920களின் தொடக்கத்தில்தான் முற்றுப்பெற்றது. பின்னர் பலமுறை அணைக்கட்டு உயர்த்தப்பட்டது. 1930களின் நடுப்பகுதியிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டின் காணியற்ற மக்கள் வந்து குடியேற, கிளிநொச்சி ஊராயிற்று.

இந்தப் பாக்கர் என்பவர் மதகையும் அணையையும் மட்டும் அளந்தவரல்லர். வேலைக்காகக் காட்டூர்களில் தங்கிய காலங்களில் கிராமத்து மக்கள் சொன்ன கதைகளைக் கேட்டு எழுதி, 1910 முதல் 1914 வரை மூன்று பெரும் தொகுதிகளாக வெளியிட்டார். பெரும்பாலும் சிங்களக் கிராமத்துக் கதைகள். நீரைத் தேக்க வந்தவர் கதையையும் தேக்கினார் என்று சொன்னால் மிகையாகாது. அவருக்கு அவ்வாறு தோன்றியிருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் இரண்டையும் செய்தவர் ஒருவரே.

குளக்கரையிலே கனகாம்பிகை அம்மன் கோயில் இருக்கிறது. ஆற்றின் பெயரிலும் கனகம்; அம்மையின் பெயரிலும் கனகம். வயலுக்கு நீர் திறக்குமுன் பூசை செய்து பொங்கலிடுவது உழவர் வழக்கம். கனகாம்பிகை கவிதைக்குரிய தெய்வமென்று யாரும் சொல்வதில்லை, நெல்லுக்குரியவள். ஆயினும் நெல் விளைந்தால்தான் அருவிவெட்டு. அருவிவெட்டு இருந்தால்தான் அதற்குரிய பாட்டு. வரிசையாக நின்று அரிவாள் வீசும் கைகளுக்கு ஓசையே தலைவன். களத்திலோ சொல்லுக்கும் கட்டுப்பாடு உண்டு. குறைவைக் குறிக்கும் சொற்களைச் சொல்லாமல் பொலி என்ற மங்கலச் சொல்லையே கூவி நெல் தூற்றுவர். சூடடிப்பு இயந்திரம் வந்தபின் அக்குரலைக் கேட்பது அரிதாயிற்று. இயந்திரம் உழவரின் முதுகைக் காப்பாற்றியது. அதற்கு நன்றி சொல்லவேண்டும். பாட்டு மட்டும் வேலையிழந்தது.

இரணைமடுவிலிருந்து கிழக்கே, முல்லைத்தீவை நோக்கிச் சென்றால் நந்திக்கடலின் கரையில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலை அடையலாம். வைகாசி விசாகத்தை ஒட்டி அங்கே நடக்கும் பொங்கலுக்கு வன்னி முழுவதும் திரளும். வண்டில் கட்டிக்கொண்டு போன காலம் போய்ப் பேருந்து வந்துவிட்டது, கூட்டம் குறையவில்லை. அக்கோயிலின் கதையை நேயர்களில் பலர் அறிவீர்கள். அறியாதவர்க்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மதுரையை எரித்த கண்ணகி சினம் ஆறாமல் ஈழத்துக்கு வந்தாள். பல இடங்களில் தங்கிப் பத்தாவதாகத் தங்கிய இடம் இது, பத்தாம் பளை என்பதே வற்றாப்பளை ஆயிற்று என்பது மரபு. நந்திக்கடலோரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர் முன்னே அவள் ஒரு கிழவியாகத் தோன்றினாள். பசிக்கிறது என்றாள். சிறுவர் பொங்கிக் கொடுத்தனர். பொழுது பட்டது, விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல்நீரை வார்த்து ஏற்றுங்கள் என்றாள், விளக்கு எரிந்தது. தலையைப் பாருங்கள் பிள்ளைகளே என்றாள். பார்த்த சிறுவர் தலை முழுவதும் கண்களாக இருக்கக் கண்டு திகைத்தனர். பிறகு அவளைக் காணவில்லை. இன்றும் பொங்கலுக்கு முன்னர் முல்லைத்தீவுக் கடலிலிருந்து நீர் எடுத்துவந்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் வைத்து அதில் விளக்கெரிக்கும் சடங்கு நடைபெறுகிறது.

இப்பொழுது ஹீசியொட்டின் கதையைச் சொல்கிறேன். அவர் எலிக்கன் மலையடியில் அஸ்கிரா என்ற சிற்றூரில் கி.மு. 700ஆம் ஆண்டளவில் வாழ்ந்தவர். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். மியூசு மகளிர் அவர் முன்னே தோன்றினர். இடையர்களே, நீங்கள் வெறும் வயிறுகள் என்ற பொருள்பட முதலில் இகழ்ந்தனர். உண்மைபோலத் தோன்றும் பொய்யையும் நாங்கள் சொல்ல வல்லோம், விரும்பினால் உண்மையையும் சொல்ல வல்லோம் என்றனர். பின்னர் வாகைக்கிளை ஒன்றைக் கோலாகக் கையில் கொடுத்து, அவர் வாய்க்குள் தெய்வக் குரலை ஊதினர். ஆடு மேய்த்தவர் அன்று புலவரானார்.

இரண்டு கதைகளிலும் தெய்வம் வந்தது கற்றோர் அவைக்கு அன்று, மேய்ச்சல் வெளிக்கு. இந்த ஒற்றுமையைக் கண்டு மகிழ்ந்து அத்தோடு நின்றுவிடலாகாது. வேற்றுமையே என் மனத்தை அதிகம் ஈர்க்கிறது. கிரேக்கத் தெய்வமகளிர் வயிற்றை இகழ்ந்தனர். நம் அம்மனோ பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அங்கே தெய்வம் ஒருவனுக்குக் கோல் கொடுத்துத் தனிப்புலவனாக்கிற்று. இங்கே தெய்வம் பல சிறுவர் கையால் பொங்கல் வாங்கி உண்டது; அவர்களுள் எவனும் புலவன் ஆனதாகக் கதை இல்லை. ஊர்தான் பாடத் தொடங்கிற்று.

வயிற்றுக்கும் கலைக்கும் பகையில்லை என்பது தமிழ் மரபில் ஆழமாகவே இருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் என்பவன் தென்மதுரையில் கலைத்தெய்வத்தின் கோயிலில் தங்கி, இரந்து பெற்ற சோற்றைக் குருடர்க்கும் முடவர்க்கும் கொடுத்து மிஞ்சியதை உண்டு வாழ்கிறான். மழையிருட்டில் வந்தவர்களின் பசியைத் தீர்க்க இயலாமல் வருந்தும் அவனுக்கு, அக்கோயிலில் உறையும் சிந்தாதேவி அமுதசுரபியை எடுத்துக் கொடுக்கிறாள். நாவில் உறையும் கலைமகள் பாட்டைக் கொடுக்கவில்லை, கற்பனையைக் கொடுக்கவில்லை. சோற்றுப் பாத்திரத்தைக் கொடுத்தாள். ஆபுத்திரனுக்குப் பின் அப்பாத்திரம் மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் கிடந்து மணிமேகலையின் கைக்கு வந்தது. இங்கும் தண்ணீர்தான் காத்து வைத்திருந்தது. இத்தனை நயமான ஒரு கதையை நாம் நவராத்திரி விழாக்களில் ஏன் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு விளங்குவதில்லை. பள்ளிக்கூடங்களிலே குமரகுருபரரின் சகலகலாவல்லி மாலை பத்துப் பாடல்களையும் பிள்ளைகள் பாடுகிறார்கள். பத்தாவது பாடலை நெருங்கும்போது வேகம் கூடிவிடும்; அவலும் கடலையும் அருகில் இருப்பதே காரணம். சிந்தாதேவி அதைப் பொறுத்துக்கொள்வாள்.

கண்ணகி கதைக்கு வருவோம். மட்டக்களப்பிலே கண்ணகி வழக்குரை என்று வழங்கும் காவியம், வடக்கிலே கோவலனார் கதை என்றும் சிலம்பு கூறல் என்றும் வழங்குகிறது. அதே கதை முல்லைத்தீவுப் பகுதியிலே கோவலன் கூத்தாக ஆடப்படுகிறது; அதன் ஆட்டமுறைக்கு முல்லைமோடி என்று தனிப்பெயரும் உண்டு. கூத்து எப்படித் தொடங்குகிறது? காப்பு. முதலில் பிள்ளையார், பின்னர் கலைமகள், குலதெய்வம், குரு, அவை என்று வணக்கம் தொடரும். நாவிலே வந்து நிற்கவேண்டும், சொல் தவறாமல் காக்கவேண்டும், பிழை வந்தால் பொறுக்கவேண்டும் என்பதே அவ்வேண்டுதல்களின் பொதுப்பொருள். புதியதொரு பொருளைத் தா என்று எந்த அண்ணாவியாரும் காப்பில் கேட்பதில்லை. கப்பல்களை எண்ணத் தொடங்குமுன் ஹோமர் கேட்டது எதுவோ அதுவே இங்கும் கேட்கப்படுகிறது.

எலிக்கன் மலையின் மூன்று பழைய தெய்வங்களையும் கூத்துப் பழகும் இடத்திலே காணலாம். மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்கம் நடைபெறும். வயல்வேலை முடித்து வந்தவர்கள், கால் வலிக்க வலிக்க ஒரே தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப மிதிப்பார்கள். அண்ணாவியார் மத்தளத்தோடு சொல்லிக்கொடுக்க, ஆடுபவர் கேட்டுக் கேட்டுப் பாடம் ஏற்றிக்கொள்வர். கொப்பியில் எழுதி வைப்பதும் உண்டு. ஆனால் கொப்பியைப் பார்த்துக் கூத்தைக் கற்றுவிட முடியாது. கொப்பியில் பாட்டின் சொல் இருக்கும். அதை எந்த இடத்தில் இழுப்பது, எந்த இடத்தில் பிற்பாட்டுக்காரர் வாங்குவது, எந்த இடத்தில் காலை மாற்றுவது என்பவை இரா. அவை அண்ணாவியாரின் உடம்பில் இருக்கின்றன.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. கூத்து முழுவதும் அண்ணாவியார் ஒருவரிடமே இருப்பதாக நாம் எண்ணுகிறோம். பெரும்பகுதி அவரிடம் இருப்பது உண்மையே. ஆயினும் கண்ணகிக்கு ஆடியவர் தம் பாட்டைக் காத்து வைத்திருக்கிறார், பாண்டியனுக்கு ஆடியவர் தம்முடையதை, பிற்பாட்டுக்காரர் இடைப்பட்டவற்றை, பாயை விரித்து விடியும்வரை முப்பது ஆண்டு பார்த்த கிழவி எல்லோருடைய பிழையையும். அண்ணாவியார் ஓரடியைத் தவறவிட்டால் அவையின் ஓரத்திலிருந்து ஒரு குரல் எடுத்துக் கொடுக்கும். கிரேக்கர் நினைவை ஒரு தாயாகக் கண்டார்கள். வன்னியில் அத்தாய் ஊர் முழுவதிலும் பரந்து கிடந்தாள்.

ஆகையால் ஊர் கலைந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எழுகிறது. வன்னிக்கு அது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் போர் நெருங்கியபோது இரணைமடுவைச் சுற்றியிருந்த மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்தனர். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று இடம் மாறி மாறி, 2009 மே மாதத்தில் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையிலான முள்ளிவாய்க்கால் மணல்வெளியில் அப்பயணம் முடிந்தது. அங்கே உயிரிழந்தோர் மிகப் பலர். உயிரோடு வந்தோர் செட்டிகுளத்து முகாம்களில் தங்கவைக்கப்பட்டனர். முகாம்கள் முற்றாக மூடப்பட்டது 2012இல். கிளிநொச்சியிலிருந்து புறப்பட்டபோது வண்டியில் ஏற்றியதைப் புதுக்குடியிருப்பில் விட்டவர்கள் உண்டு. அங்கே கையில் எடுத்ததை அதற்கப்பால் விட்டவர்களும் உண்டு. அத்தகைய வழியில் ஏடும் கொப்பியும் உடுப்புப் பெட்டியும் மத்தளமும் எங்கே தங்கும்? மனிதன் கடைசிவரை சுமக்கக்கூடியது நெஞ்சில் உள்ளது மட்டுமே. அந்நெஞ்சும் நின்றுவிட்டால் அதுவும் இல்லை.

மீண்டு வந்தபின் வற்றாப்பளைப் பொங்கல் மறுபடி நடைபெறுகிறது. கடல்நீர் விளக்கும் எரிகிறது. இரணைமடுவின் அணைக்கட்டும் 2010களில் திருத்தி உயர்த்தப்பட்டது. குளத்தைத் திருத்துவதற்குக் கணக்கு உண்டு. இத்தனை அடி, இத்தனை ஏக்கர், இத்தனை கதவு என்று எண்ணிவிடலாம். கூத்தைத் திருத்துவதற்கு அத்தகைய கணக்கு இல்லை. ஆடியவர்களுள் சிலர் இறந்தனர். சிலர் கனடாவிலும் பிரான்சிலும் வாழ்கின்றனர். ஊரிலிருப்போர்க்கு இரவிரவாகப் பழக நேரமும் வலுவும் குறைவு. ஒலிப்பதிவு செய்யலாமே என்பர். செய்யத்தான் வேண்டும், வானொலியில் நின்று பேசும் நான் வேறு எவ்வாறு சொல்வேன்? ஆனால் பிளேத்தோ என்ற கிரேக்க ஞானி ஒரு கதை சொல்கிறார். எழுத்தைக் கண்டுபிடித்த தெய்வம் எகிப்து அரசனிடம் அதைக் கொண்டுவந்து, இது நினைவுக்கு மருந்து என்று பெருமையாகக் காட்டிற்றாம். அரசன் மறுத்து, இதை நம்பியவர்கள் நினைவைப் பழக்காமல் விட்டு மறதியில் விழுவார்கள் என்றானாம். அக்கதையைப் பிளேத்தோ எழுதித்தான் வைத்தார் என்பது வேறு செய்தி.

ஒலிப்பதிவும் அத்தகையதே. பதிவிலே பாட்டு இருக்கும், நினைவு இருக்கும். மூவருள் மூத்தவளாகிய பயிற்சி மட்டும் அதற்குள் அடங்கமாட்டாள். பத்துப் பிள்ளைகள் மாலையில் கூடிக் காலில் சதங்கை கட்டிக்கொண்டு, ஒருவர் தட்ட, ஒரே அடியை நூறுமுறை மிதிக்கும் இடத்தில்தான் அவளைக் காணலாம். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத்தக்க முதியவர்கள் இன்னும் சிலர் வன்னியில் இருக்கிறார்கள். அவர்களது வயதும் ஏறிக்கொண்டிருக்கிறது. அவர்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்திப் படம் எடுப்பதில் நாம் சளைப்பதில்லை. மாலைதோறும் இரண்டு மணிநேரம் அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் பிள்ளைகளை அனுப்புவதில்தான் தயக்கம். அந்நேரம் தனியார் வகுப்புக்குரியதாயிற்று.

மியூசு மகளிர் ஹீசியொட்டுக்கு இட்ட கட்டளை ஒன்று உண்டு. பாட்டின் முதலிலும் முடிவிலும் தங்களைப் பாடவேண்டும் என்பது அது. கோவலன் கூத்தும் காப்பில் தொடங்கி வாழியில் முடிகிறது. விடியற்காலையில், மதுரை எரிந்து முடிந்தபின், அம்மனுக்கும் மழைக்கும் வயலுக்கும் ஊருக்கும் வாழி பாடுவார்கள். பார்த்திருந்தவர் பாயைச் சுருட்டுவர். அண்ணாவியார் மத்தளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறக்கிவைப்பார்.